மலைக்குப் பதிலாகக் குதித்தவள்

1

"என் பொண்டாட்டி கால் வெந்து கெடக்கே, அது மலையாலயா, உன்னாலயா? அதை மட்டும் சொல்லிட்டுப் போ!"

"மூடுனது யாரு? மொதல்ல அதைச் சொல்லுங்க. உரச்சாக்கைப் போட்டு மூடி, மாட்டைக் கட்டுற முடிச்சையும் போட்டு வெச்சது யாரு?"

"நான்தான் மூடுனேன். ஆமா, மூடுனேன். ஆனா குதிச்சது நீ!"

"கத்தாதீங்கண்ணே. பக்கத்துல ஆள் இருக்கு."

"இருக்கட்டுமே! காது இருக்கறவங்க கேட்டுக்கட்டும்!"

பக்கத்தில் இருந்த அந்த ஆள் நான்தான். காதும் இருந்தது. மலையிலிருந்து இறக்கப்பட்டவர்களுக்காகக் கட்டிய தற்காலிகக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பது சுவரல்ல, ஒட்டுப்பலகை. நான் அதில் காதை வைத்துக் கேட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நான்பாட்டுக்குத் தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே தட்டைக் கொஞ்சம் அதிக நேரம் துடைத்தேன், அவ்வளவுதான்.

இந்தக் கதை பிறந்தது அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம். மற்ற எழுத்தாளர்களுக்குக் கதைகள் கனவில் வருகின்றனவாம். எனக்குப் பலகை வழியாக வந்தது.

சண்டை போட்டவர்கள் அண்ணனும் தங்கையும். அண்ணன் சர்விதி, பால்மாடு வைத்திருந்தவர். (வைத்திருந்தவர் என்று எழுதும்போதே கை நிற்கிறது. போகட்டும்.) தங்கை முர்வானி, மலைக் கண்காணிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவள். வெந்த கால் சர்விதியின் மனைவி துக்கினாவுடையது. இவர்களோடு இன்னொருவரும் உண்டு. அவருடைய பெயரை எழுத மாட்டேன். எங்கள் கெமிரிரெஜோவில் மலையின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, 'பெரியவர்' என்போம். இன்றைக்குப் பெரியவருக்கு இருமல், இன்றைக்குப் பெரியவர் முகத்தை மூடிக்கொண்டார், இப்படி.

அண்ணன் மூடியது, தங்கை குதித்தது. இரண்டும் எனக்கு ஒரே நாளில் பலகை வழியாகத் தெரியவந்தன. எழுத உட்கார்ந்தபோது இது சிரிப்புக் கதை என்றுதான் நினைத்தேன்.

2

எங்கே தொடங்குவது?

முதல் முயற்சி: "எரிமலை என்பது பூமியின் வயிற்றிலிருந்து —"

வேண்டாம். பள்ளிக்கூடப் பாடம்.

இரண்டாவது: "அன்று காலை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. மலையின் உச்சியில் ஒரு மெல்லிய புகை, ஏதோ —"

இதுவும் வேண்டாம். மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வானத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஊரில் குடியிருப்பவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. நாங்கள் கேட்போம்.

மூன்றாவது: "ஒரு சத்தம் நின்றுபோனதால் ஊரே நிம்மதியாகச் சமைத்த ஒரு கல்யாண நாள் அது."

இது இருக்கட்டும். ஆனால் அந்தச் சத்தம் என்ன என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் ஊருக்கு மேலே, புல்சரிவின் முடிவில், நிலையத்துக்காரர்கள் ஒரு குழி தோண்டி அதிர்வு உணரும் கருவியைப் புதைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் சூரியத் தகடு, கீழே ஒரு பேட்டரிப் பெட்டி. ஊரில் இதற்கு 'காது' என்று பெயர். காது தான் கேட்டதை ரேடியோ அலையில் ஓர் ஓசையாக நிலையத்துக்கு அனுப்பும். அதே அலைவரிசையில் வாக்கிடாக்கியைத் திருப்பிவைத்தால் யாரும் கேட்கலாம். எங்கள் வீடுகளில் அது அடுப்படியில்தான் இருக்கும், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு. பெரியவர் சும்மா இருந்தால் கொசு ரீங்காரம்போல் ஒரே சீராக 'ஙீ' என்று வரும். அசைந்தால் நடுங்கும்.

கேட்டுக் கேட்டு எல்லோரும் நிபுணர்கள். சட்டென்று ஒரு விக்கல் என்றால் பாறை உருண்டது. தாளத்தோடு வந்தால் மாடு, அல்லது பூட்ஸ் போட்ட ஆள். நீளமாக, தாளமே இல்லாமல், விட்டு விட்டு அலறினால் செருப்பைத் தேடாமல் ஓட வேண்டும். துக்கினா தேங்காய் துருவிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "இது பாறை, விடுங்கடி" என்பாள். நிலையத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் முர்வானிக்கு முன்னாலேயே சில சமயம் சொல்லிவிடுவாள். நாத்தனாரும் மதினியும் பேசிக்கொள்ளும் ஒரே விஷயமும் அதுதான்.

இந்த ஓசையை நாங்கள் தூங்கும்போதும் கேட்டோம், சண்டை போடும்போதும் கேட்டோம். அது ஒருநாள் வராமல் போனால் என்ன அர்த்தம் என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

3

முர்வானி எனக்குச் சரியாக அமையவில்லை. ஆளைச் சொல்லவில்லை, பாத்திரத்தைச் சொல்கிறேன்.

முதல் பிரதியில் அவளுடைய அப்பாவைப் பழைய வெடிப்பு ஒன்றில் சாகடித்திருந்தேன். அதனால்தான் அவள் மலையைக் கண்காணிக்கப் போனாள் என்று ஒரு காரணம் கிடைத்தது. படித்துப் பார்த்தால் நன்றாகவே இருந்தது, கண்ணீர்கூட வந்தது. ஆனால் அவர் போனது சர்க்கரை வியாதியில். முர்வானி அந்த வேலைக்குப் போனது, நிலையம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

அவளைப் பற்றி ஊர் சொல்வது ஒன்றுதான்: பொய் சொல்லத் தெரியாது. பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தபோது துக்கினா வயதில் கொஞ்சம் குறைத்துச் சொன்னாள். முர்வானி தேநீர்த் தட்டோடு நின்றபடியே திருத்தினாள். "அதோட நான் குறட்டையும் விடுவேன்" என்றாள், கேட்காமலே. வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

"உண்மையையே கட்டிக்கிட்டு அழு" என்று துக்கினா ஒரு வாரம் திட்டினாள்.

(இந்தக் குணத்தை இங்கே சொல்லிவைப்பது கதைக்காரர்கள் செய்யும் வேலைதான், தெரியும். ஆனால் நான் புகுத்தவில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

4

சர்விதியின் மகள் விகாத்திக்குச் சமவெளி நகரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. வாரத்தின் ஏழு நாளையும் ஐந்து நாளுக்கொரு முறை சுற்றி வரும் சந்தை நாட்களையும் கூட்டிக் கழித்து, பெண்ணின் பிறந்தநாளோடும் மாப்பிள்ளையின் பிறந்தநாளோடும் பொருத்திப் பார்த்து, ஒரு தேதி குறித்தார்கள். அதை விட்டால் அந்த வருஷத்தில் நல்லதாக எதுவும் இல்லை.

நிச்சயத்துக்கு வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா வாஜிக் இனிப்பை வாயில் வைக்கப் போகும்போது அடுப்படியில் காது நடுங்கியது.

"அது என்ன அழுகை?"

"ஃபிரிட்ஜுங்க" என்றார் சர்விதி.

அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. அந்த அம்மாளுக்கும் அது தெரிந்துவிட்டது. "கல்யாணத்தன்னைக்கும் இப்படி அழுதா, எங்க ஆளுங்க பாதி வழியிலயே வண்டியைத் திருப்பிடுவாங்க, சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு இனிப்பைக் கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் நெருங்க நெருங்கப் பெரியவருக்கு இருமல் கூடியது. எச்சரிக்கை ஒரு படி ஏறியது. முர்வானி அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"கல்யாணத்தைக் கீழ பள்ளிக்கூடத்துல வெச்சுக்கலாம்ணே."

"பெண்ணைப் பெத்தவன் வீட்டு முற்றத்துல பந்தல் போடாம, கரும்பலகைக்கு முன்னால உக்கார வெச்சா கட்டிக் கொடுப்பான்?"

"ஆபத்துக் கோடு நம்ம ஊர் எல்லையிலேயே நிக்குது."

"கோடு போடறது நீங்கதானே? ஒரு முழம் மேல தள்ளிப் போடேன். உன் அண்ணனுக்காக ஒரு முழம்."

"நான் போடறதில்லண்ணே, பெரியவர் போடறாரு."

"பெரியவர் என்னைக்கு உனக்குச் சோறு போட்டாரு?"

சர்விதியை வில்லனாக்கினால் கதை சுலபமாக நகரும். அவர் வில்லன் இல்லை. மகளைக் கட்டிக்கொடுக்க ஆசைப்பட்ட, கொஞ்சம் முரட்டுத்தனமான மனிதர். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு புல் வெட்டப் போனவர், காதின் சூரியத் தகட்டின்மேல் ஓர் உரச்சாக்கைப் போட்டுக் கட்டினார். வெயில் படாவிட்டால் பேட்டரி தீரும். தீர்ந்தால் ஓசை நிற்கும். கல்யாணம் முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். குழந்தை தூங்க விளக்கை மறைப்பதுபோல்தான் அதைச் செய்தார். மலையை ஏமாற்ற அவர் நினைக்கவில்லை. சம்பந்தியம்மாளை ஏமாற்ற நினைத்தார்.

5

கல்யாணத்தன்று காலை அடுப்படியில் நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள். நான் வெங்காயத்தில் இருந்தேன். ஓசை முதலில் மெலிந்தது, பிறகு நின்றது.

"அப்பாடா" என்றாள் ஒருத்தி. "பெரியவர் தூங்கிட்டாரு."

"கல்யாண வீடுன்னு தெரிஞ்சிருக்கு அவருக்கு."

மழை வராமல் தடுக்க அமர்த்தியிருந்த மழைக்காரர் மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். விளக்குமாற்றுக் குச்சிகளில் மிளகாயும் வெங்காயமும் குத்தித் தலைகீழாக நட்டுவிட்டார், இனி அவருக்குச் சாப்பாடு வரைக்கும் வேலை இல்லை.

"மலையையும் நீங்கதான் நிறுத்துனீங்களா?" என்று துக்கினா கேட்டாள்.

"எனக்குச் சொன்னது மழைக்கு மட்டுந்தான். மலை சும்மா சேந்து வந்திருக்கு" என்றார் அவர். ஒரே சிரிப்பு.

அதே நேரத்தில் நிலையத்தில் முர்வானி திரையின் முன் நின்றிருந்தாள். மேல்காதின், அதாவது எங்கள் ஊர்க் காதின், கோடு செத்துக் கிடந்தது. மலையின் மற்றப் பக்கங்களில் புதைத்திருந்த தூரத்துக் காதுகளின் கோடுகள் விடியும்வரை கிறுக்கித் தள்ளிவிட்டு, இப்போது அவையும் அடங்கியிருந்தன. அந்த அடக்கம் அவளுக்குப் பிடிக்கவில்லை. மலைச்சரிவில் கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள். தினமும் காலையில் நிலையத்திலிருந்து லேசர் அடித்து அவற்றின் தூரத்தை அளப்பாள். தூரம் குறைந்தால் சரிவு முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது என்று பொருள். மற்ற நாட்களில் விரல் அளவுதான் குறையும். அன்று ஒரே இரவில் ஒரு முழம் குறைந்திருந்தது. மறுபடி அளந்தாள். மறுபடியும் ஒரு முழம்.

மலையின் வயிறு முட்ட வீங்கி, சத்தம் மட்டும் நின்றிருந்தது.

"ஊரை இறக்கணும் சார்" என்றாள்.

"நகரத்துல கூட்டம் நடக்குது. உத்தரவு அங்கிருந்து வரணும்" என்றார் நிலையத் தலைவர். அவரும் வியர்த்துத்தான் இருந்தார். "நாம அவசரப்பட்டு இறக்கி, ஒண்ணும் வரலைன்னா, அடுத்த தடவை ஒருத்தன் இறங்க மாட்டான்."

அவர் சொன்னது தப்பில்லை. அதுதான் முர்வானியை இன்னும் பயமுறுத்தியது.

வாக்கிடாக்கியை எடுத்தாள். "கெமிரிரெஜோ, கெமிரிரெஜோ. நான் முர்வானி பேசறேன். மேல்காது வேலை செய்யல. சத்தம் இல்லைன்னா மலை சும்மா இருக்குன்னு அர்த்தம் இல்லை. கேக்குதா?"

அடுப்படியில் எங்களுக்கு நன்றாகவே கேட்டது. துக்கினா கருவியை எடுத்து, "கேக்குது வானி. கல்யாணத்துக்கு வராததுக்கு இதைவிட நல்ல சாக்கு கெடைக்கலையா?" என்றாள். அதற்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன், வெங்காயத்துக்கு நடுவே.

முர்வானி ஒரு மாற்று பேட்டரியை மோட்டார்பைக்கில் கட்டினாள்.

"எங்க?" என்றார் தலைவர்.

"அண்ணன் மக கல்யாணம்."

பொய் இல்லை. ஊர்வழிதான் மேலே போக வேண்டும்.

6

(இந்தப் பகுதியை நான் பார்க்கவில்லை. பலகை வழியாகக் கேட்டதையும், பிறகு அவளிடம் துருவித் துருவிக் கேட்டதையும் வைத்துத் தைத்தது. தையல் தெரிகிற இடத்தை நான் மறைக்கவில்லை.)

சாக்கைப் பார்த்ததும் காற்று கொண்டுவந்து போட்டது என்றுதான் நினைத்தாள். கிட்டே போனதும் முடிச்சைப் பார்த்தாள். மாடு இழுக்க இழுக்க இறுகும், ஒரு முனையைச் சுண்டினால் அவிழும். சின்ன வயதில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான்.

ஒரு முனையைச் சுண்டினாள். அவிழ்ந்தது.

பேட்டரியை மாற்றினாள். இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி உயிர்பெற்றது: 'ஙீ'. ஒரே சீராக. நடுக்கமே இல்லாமல்.

கீழே அடுப்படியில் அது எங்களுக்கும் கேட்டது. "பார்த்தியா, சரியாயிடுச்சு. பெரியவர் நல்லாத்தான் இருக்காரு" என்று துக்கினா கருவியில் சொன்னது மேலே முர்வானிக்குக் கேட்டது. அதுவரை பயந்திருந்த ஒன்றிரண்டு பேரும் அதற்கப்புறம் நிம்மதியாகிவிட்டார்கள். அவள் அரும்பாடுபட்டுச் சரிசெய்த கருவி அவளுக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

மேலே பார்த்தாள். சரிவின் தோள் நேற்று இருந்த இடத்தில் இல்லை. கீழே பார்த்தாள். பந்தலின் மஞ்சள் துணி. மாப்பிள்ளை வீட்டு வேன்கள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தன.

சொல்லைக் கேட்க மாட்டார்கள். ஓசையைக் கேட்பார்கள்.

குதித்தாள்.

குழியின் மூடிக்குப் பக்கத்தில், இரண்டு காலாலும். வாக்கிடாக்கி விக்கியது. மறுபடி குதித்தாள். மறுபடி விக்கல். உடனே புரிந்துவிட்டது: இது பாறை. பாறைக்கு யாரும் ஓட மாட்டார்கள். இடைவிடாமல் மிதித்தாள். டுக், டுக், டுக், டுக். இது மாடு. துக்கினா மாடு என்று சொல்லிவிடுவாள். தாளம் வரக் கூடாது.

தாளம் இல்லாமல் ஆடிப் பாருங்கள். ஒரு நிமிஷம் முடிகிறதா? கால்கள் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்துகொள்ளும். அதோடு, சரியாக அந்த நேரத்தில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கமேலான் இசையைப் போட்டார்கள். சரிவெங்கும் கணீர் கணீரென்று வெண்கலத் தாளம். அவளுடைய கால்கள் அதைப் பிடித்துக்கொண்டன. உதறினாள். மறுபடி பிடித்துக்கொண்டன. அழுதுகொண்டே, காதைப் பொத்திக்கொண்டு, விழுந்து புரண்டு, கல்லை உருட்டி, பெட்டியை உதைத்து, முழங்காலால் இடித்து —

கீழே ஓசை அலறியது. நீளமாக, தாளமே இல்லாமல்.

துக்கினா தலையை நிமிர்த்தினாள். அவள் நிமிர்ந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் பயமே வந்தது. "இது பாறை இல்லடி" என்றாள். அவ்வளவுதான். பால் வண்டியில் மணப்பெண்ணை ஏற்றினார்கள், நெற்றியில் தீட்டியிருந்த கல்யாணக் கறுப்பு வழிய, மல்லிகைச் சரம் அறுந்து தொங்க. மழைக்காரர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். இறால் அப்பளம் பொரித்த எண்ணெய்ச் சட்டியை யாரோ இடித்தார்கள். அது துக்கினாவின் வலது பாதத்தில் கவிழ்ந்தது.

யாரோ என்று எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே யாரென்று தெரியாது. எனக்கே தெரியாத விஷயம் ஊரில் அபூர்வம். அதில் இது ஒன்று.

7

இந்த இடத்தில்தான் கதை நம்பும்படி இல்லை என்று என் முதல் வாசகி சொன்னாள். (என் சித்தி மகள். வேறு யார் படிக்கிறார்கள்?)

எல்லோரும் கீழே ஓடும்போது சர்விதி மேலே ஓடினார். சாக்குப் போட்டுக் கட்டிய காது எப்படிக் கத்தும் என்பது அவருக்கு மட்டும்தான் கேள்வி. மேலே வந்தார். தங்கை குழியைச் சுற்றிப் பேய் பிடித்தவள்போல் குதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

"மலையா, நீயா?"

"நான்தாண்ணே."

"மலை ஒண்ணுமே பண்ணலையா?"

"இன்னும் இல்லை. இறங்குங்க."

மாட்டுக்கொட்டகை அங்கிருந்து கூப்பிடு தூரம். கயிற்றை அவிழ்க்க நேரம் இருந்தது. இது வேஷம் என்று அவருக்குத் தெரியும். பின் ஏன் அந்த மனிதர் மாடுகளை அப்படியே விட்டுவிட்டு, ஒரு வார்த்தை திட்டாமல், அவளுடைய பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்து இறங்கி வந்தார்? சித்தி மகளுக்கு இது ஒப்பவில்லை. "ஏமாத்தறான்னு தெரிஞ்சும் யாராவது இறங்குவாங்களா?" என்றாள்.

நான் மூன்று காரணம் எழுதி மூன்றையும் அடித்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். தன் குறட்டையைக்கூட மறைக்கத் தெரியாத ஒருத்தி, முட்டி கிழிந்து இரத்தம் வழிய, அழுதுகொண்டு பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு மலையைப் படிக்கத் தெரியாது. தங்கையைப் படிக்கத் தெரியும். கருவி காட்டியிருந்தால்கூட அந்த அளவுக்கு நம்பியிருக்க மாட்டார்.

உங்களுக்கு வேறு காரணம் தோன்றினால் அதை வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் அவர் இறங்கிவிட்டார். அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை.

8

இனி முடிவு. கையில் சில முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: கடைசி வேன் பாலத்தைத் தாண்டிய அடுத்த கணம் மலை வெடிக்கிறது. எல்லோரும் முர்வானியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இதை எழுதிப் பார்த்தேன். கூச்சமாக இருந்தது.

இன்னொன்று: மலை வெடிக்கவே இல்லை. பந்தலில் சோறு ஊசிப்போகிறது, சம்பந்தம் முறிகிறது, முர்வானி ஊர் வாயில் —

நடந்தது இரண்டும் இல்லை. நடந்தது கதைக்கு மிகவும் மோசமானது: காத்திருந்தோம்.

பள்ளிக்கூடத் திடலில் நண்பகல் ஆனது. ஒன்றும் வரவில்லை. மதிய லுஹர் தொழுகை முடிந்தது. ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு, "ஃபிரிட்ஜ் நல்லா வேலை செய்யுது" என்றார். பட்டுச்சட்டை போட்ட மாமன்மார் பாக்கெட் நூடுல்ஸைக் கையால் உடைத்துத் தின்றார்கள். விகாத்தி அறுந்த மல்லிகைச் சரத்தைக் கோத்துக்கொண்டிருந்தாள். துக்கினா காலில் வாழையிலை சுற்றிப் படுத்திருந்தாள், வலி ஏறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, "தாளம் இல்லாமத்தானேடி வந்துச்சு? எனக்குத் தெரியாதா? தாளமே இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் சாலைத் தடுப்புக்குப் போனார்கள். அங்கே முர்வானி நின்றிருந்தாள்.

"வழி விடு வானி. சோறு எடுத்துட்டு வந்துடறோம்."

"போகக் கூடாது."

"உன் காது இப்ப என்ன சொல்லுது?"

வாக்கிடாக்கி எல்லோர் இடுப்பிலும் இருந்தது. 'ஙீ' என்றது. சீராக.

"மாடு கத்துமே வானி. பால் கறக்கலையே" என்றார் ஒருவர். சர்விதி தடுப்பில் கை வைத்து நின்றார். தங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, 'அவதான் குதிச்சா' என்று ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்திருந்தால், அத்தனை பேரும் தடுப்பைத் தூக்கி எறிந்துவிட்டு மேலே போயிருப்பார்கள். அவர் உதடு இரண்டு மூன்று தடவை அசைந்ததை நான் பார்த்தேன். அப்போது எனக்குக் காரணம் தெரியாது. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது எழுதலாமா வேண்டாமா என்று தெரியாத ஒன்றை எழுதப் போகிறேன். இதை முர்வானி என்னிடம் சொல்லவில்லை. அவள் முகத்திலிருந்து நானாக எடுத்துக்கொண்டது. அந்தத் தடுப்பருகே நின்று அவள் மலையை நிமிர்ந்து பார்த்த பார்வையில் பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் ஒரு வேண்டுதலும் இருந்தது. வந்துவிடு. சீக்கிரம் வந்துவிடு. இவர்கள் மேலே போவதற்குள் வந்துவிடு. அங்கே இருப்பது அவள் பிறந்த வீடு. அவள் அண்ணனின் மாடுகள். அதன்மேல்தான் வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

(இந்தப் பத்தியை அடித்தேன். மறுபடி எழுதினேன். அடிப்பதா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருந்தால் அடிக்கவில்லை என்று அர்த்தம்.)

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நகரத்திலிருந்து உத்தரவு வந்தது: எல்லா ஊரும் இறங்க வேண்டும். சங்கு ஊதினார்கள். நாங்கள் ஏற்கெனவே கீழே இருந்ததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பொழுது சாயும்போது அது வந்தது. அந்த அனல்மேகத்தை எங்கள் ஊரில் 'சடைச் செம்மறி' என்போம். சுருள் சுருளாக, மந்தைபோல், ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும். பக்கத்தில் வரும்வரை சத்தம் தெரியாது. கெமிரிரெஜோவின் மேல்பாதியை மூடிக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி நின்றது. மஞ்சள் பந்தல் ஒரு நொடி தெரிந்தது, பிறகு தெரியவில்லை. திடலில் யாரும் கத்தவில்லை. துக்கினா மட்டும், படுத்தபடியே, "இப்ப என்ன சொல்லுது?" என்று கேட்டாள். வாக்கிடாக்கிகள் எல்லாம் வெறும் இரைச்சலாக இருந்தன. காது இருந்த இடமே இல்லை.

முர்வானி தடுப்பின் அருகே தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

9

தடுப்பில் மறித்து நின்று அவள் ஊரைக் காப்பாற்றினாள் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். இல்லை, மலைதான் முன்கூட்டியே கத்திக் காப்பாற்றியது என்றார்கள் பெரும்பாலோர். அவள் மறுக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டாள்.

ஆனால் கணக்கு அப்படி முடியவில்லை. உத்தரவு பிற்பகலிலேயே வந்ததல்லவா? அவள் குதிக்காமல் இருந்திருந்தால், சங்குக்குப் பிறகு இறங்கியிருக்கலாம். நேரம் இருந்தது, கொஞ்சம். பதறாமல், அடுப்பை அணைத்துவிட்டு, மாடுகளையும் ஓட்டிக்கொண்டு. துக்கினாவின் பாதம் முழுசாக இருந்திருக்கும். அல்லது, விருந்து உச்சத்தில், மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, சங்காவது மண்ணாவது என்று உட்கார்ந்தே இருந்திருப்போம். எங்களை எனக்குத் தெரியும். ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. அண்ணனும் தங்கையும் பலகைக்கு அந்தப் பக்கம் போட்ட சண்டை இதுதான். அவர் வெளியே சொன்னால் அவள் வேலை போகும். அவள் வெளியே சொன்னால் அவர் சிறைக்குப் போவார். இரண்டு பேரும் சொல்லவில்லை. அதனால் ஒருவரை ஒருவர் மன்னிக்கவும் வழியில்லாமல் போயிற்று.

விகாத்தியின் கல்யாணம் நடந்தது. பள்ளிக்கூடத்தில்தான், கரும்பலகைக்கு முன்னால்தான், எந்தக் கணக்கிலும் சேராத ஒரு நாளில். மாப்பிள்ளையின் அம்மாவே பிடிவாதமாக நடத்திவைத்தார். இப்போது சமவெளியில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், மாமியாரும் அவளும் நன்றாகச் சண்டை போடுகிறார்கள். சர்விதியும் துக்கினாவும் அரசு கட்டிக்கொடுத்த புதிய குடியிருப்புக்குப் போனார்கள். அங்கே மாடு வைக்க இடமில்லை. துக்கினா வலது காலைச் சற்று இழுத்து நடக்கிறாள். வாக்கிடாக்கி வைத்துக்கொள்வதில்லை. மழைக்காரருக்கு முன்னைவிட நல்ல கிராக்கி. அன்று மழை பெய்யவில்லை அல்லவா?

முர்வானி மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கிழக்கே ஒரு சின்னத் தீவுக்குப் போனாள். அங்கேயும் ஒரு பெரியவர் இருக்கிறார். அங்கே மஹ்தார் என்று ஒருவரை, கிராம்புத் தோட்டக்காரரை, மனைவியை இழந்தவரை, கட்டிக்கொண்டாள். குறட்டையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டாளாம். அவருக்குக் கொஞ்சம் காது மந்தமாம்.

10

இங்கே நிறுத்துவதாகத்தான் இருந்தேன். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் எங்கே போனார்கள் என்று சொல்லியாயிற்று.

ஆனால் இந்த வாரம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

அந்தத் தீவில் அடுப்படிக் காதுகள் கிடையாது. ஓசையெல்லாம் நிலையத்துத் திரைக்கு மட்டுமே போகிறது. ஊருக்கு வருவது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவளுடைய குரல்தான். அந்தக் குரல் இறங்கச் சொன்னது. ஊர் இறங்கிவிட்டது, கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு. இறங்கி நாளாகிறது. இன்னும் ஒன்றும் வரவில்லை. கிராம்பு அறுவடைக் காலம். ஆண்கள் தடுப்பருகே கூடி நிற்கிறார்கள். முன்வரிசையில் மஹ்தாரும் நிற்கிறாராம்.

இதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னாள். பின்னால் குழந்தைகளின் சத்தமும் ஒரு பெண் யாரையோ திட்டுவதும் கேட்டன.

"இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கீங்களா தார்மியக்கா?"

"எழுதறேன்."

"எப்படி முடிக்கப் போறீங்க?"

"தெரியலை வானி."

"எனக்கும்" என்றாள்.

இந்தத் தடவை மலை சொன்னதா, அவளாகச் சொன்னாளா என்று நான் கேட்டிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது. இவ்வளவு வயதில், அடுத்த வீட்டு விஷயம் ஒன்றைக் கேட்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களோ என்னவோ. கேட்டு, அவளும் உண்மையைச் சொல்லியிருந்தால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அந்தத் தடுப்பருகே நிற்கிறவர்களில் ஒருவராக உங்களை வைத்து யோசித்துப் பாருங்கள். மேலே உங்கள் வீடு. கையில் அறுவடைக் கூடை. முன்னால் ஒரு பெண் வழியை மறித்துக்கொண்டு, மலையை அண்ணாந்து —

அவர்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள்.